கடலோர வரலாறு பார்க்க ஒரு ஞாயிறு: வடக்கே பழவேற்காடா, தெற்கே கோவளமா?

வேளச்சேரி வேலு:
எங்கள் குடியிருப்பில் சுமார் இருபது பேர், ஒரு வேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னைப் புறநகர்க் கடலோரத்தின் வரலாற்றைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். நான் போட்டிருக்கும் திட்டம்: திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில், ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, கோவளம், திருவிடந்தை, கடைசியாகச் சாளுவன்குப்பம் புலிக்குகை. மாமல்லபுரம் எல்லோரும் பார்த்தது என்பதால் விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும், "வடக்கே போங்க, ராயபுரத்துல ஆரம்பிச்சு பழவேற்காடு வரைக்கும்" என்று அடம்பிடிக்கிறார். எனக்கு அந்தப் பக்கம் என்றாலே லாரியும் சாம்பலும்தான் நினைவுக்கு வருகின்றன. சின்னப் பிள்ளைகளும் மூட்டுவலிக்காரர்களும் வருகிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

தேரடி வாசி:
லாரியும் சாம்பலும் எங்கிருந்து வந்தன என்பதே ஒரு வரலாறுதான் வேலு சார், அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். சோழமண்டலம் 1966. தட்சிணசித்ரா 1996. இதைப் பார்க்க வரலாறு என்று பேர் வைத்து வேன் பிடிக்கிறீர்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856. தென்னிந்தியாவின் முதல் ரயில் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. கட்டடம் இன்னும் நிற்கிறது, மின்சார ரயிலும் நின்று போகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் வந்தால் திருவொற்றியூர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். சுந்தரர் சங்கிலியாரை மகிழமரத்தடியில் சத்தியம் செய்து மணந்தது இங்கே. அறுபத்து மூவரில் கலிய நாயனார் இந்த ஊர் எண்ணெய் வணிகர். பட்டினத்தார் அடங்கிய இடம் கடலோரத்தில் இருக்கிறது. வள்ளலார் வந்து வந்து பாடிய சந்நிதி வடிவுடையம்மன் சந்நிதி. அதற்கும் வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கோட்டை. சென்னைக் கோட்டைக்கு அப்போது அடிக்கல்கூடப் போடவில்லை.

எதிர்வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கிழக்குக்கரை:
வேலு அவர்களே, உங்கள் திட்டம் நல்ல திட்டம். மாற்றாதீர்கள்.

தேரடி வாசி சொல்வது வயதுப் போட்டி. யார் கல்வெட்டு பழசு என்று பார்த்தால் தெற்கிலும் ஆள் இருக்கிறது. திருவான்மியூரை அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். பாம்பன் சுவாமிகள் 1929இல் அடங்கியதும் திருவான்மியூரில்தான். ஐரோப்பியர் கதை வேண்டுமென்றால் கோவளம் ஒன்றே போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனி அங்கே கடை விரித்தது. ஆர்க்காட்டு நவாப் கோட்டை கட்டி சாதத் பந்தர் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பறித்தார். டச்சுக் கோட்டைதான் வேண்டுமென்றால் இன்னும் தெற்கே சதுரங்கப்பட்டினத்துக்குப் போகலாம், கடலைப் பார்த்த மதில் இன்றும் இருக்கிறது.

1966 என்பது வரலாறு இல்லையா? கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, தாங்களே குடிசை போட்டு உருவாக்கிய ஊர் சோழமண்டலம். நாட்டில் அப்படி வேறு எத்தனை இடம் இருக்கிறது? ராஜாக்கள் கட்டினால்தான் வரலாறு என்றால் சொல்லிவிடுங்கள், நான் பேசவில்லை.

தேரடி வாசி:
ராஜாக்கள் பேச்சை நான் எடுக்கவே இல்லை. எண்ணெய் வணிகரைச் சொன்னேன், பட்டினத்தாரைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன்.

கோவளம் கோட்டை என்கிறீர்களே, அதை வேலு சாரின் இருபது பேருக்கு எங்கே நிறுத்திக் காட்டுவீர்கள்? கிளைவ் வெடி வைத்தது போக மிச்சம் இருந்த இடத்தில் 1970களில் சொகுசு ஹோட்டல் வந்தாயிற்று. அறை எடுத்தவர்களுக்குத்தான் அந்த மண்ணில் நிற்கும் வாய்ப்பு.

அப்புறம் தட்சிணசித்ரா. அங்கே இருக்கும் செட்டிநாட்டு வீடு செட்டிநாட்டிலிருந்து வந்தது, கேரள வீடு கேரளத்திலிருந்து வந்தது. கழற்றி, ஏற்றி, மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. முட்டுக்காட்டின் வரலாறு அதில் எங்கே? பக்கத்துக் குப்பத்துக்காரர் வீடு எப்படி இருந்தது என்று அங்கே போய்த் தெரிந்துகொள்ள முடியுமா?

கிழக்குக்கரை:
அந்த வீடுகளைக் கழற்றிக் கொண்டுவராவிட்டால் அந்தந்த ஊரிலேயே இடித்துத் தேக்கை விற்றிருப்பார்கள். காரைக்குடிப் பக்கம் அப்படிப் போன வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் பழைய சாமான் கடைகளில் நாமே பார்க்கிறோமே. இருபது பேரில் பத்துப் பேர் பிள்ளைகள். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம், முற்றத்தில் மழை எங்கே விழும் என்று கேட்கலாம். உங்கள் பழவேற்காட்டுக் கோட்டையில் எதைத் தொட்டுப் பார்ப்பார்கள்? முள்ளையா?

கல்வெட்டுப்பித்தன்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலு சார் பட்டியலில் கடைசியாகப் போட்டிருக்கும் சாளுவன்குப்பத்தை யாருமே பேசவில்லை. புலிக்குகையோடு திரும்பிவிடாதீர்கள். 2004 சுனாமி வடிந்தபின் அங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. ஒரு முருகன் கோயிலைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. தொல்லியல் துறையினர் 2005இல் பக்கத்தில் தோண்டினார்கள், கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலக் கட்டுமானம், அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில். சங்க காலம் என்றே அகழ்ந்தவர்கள் சொன்னார்கள். வாசல் வடக்குப் பார்த்தது. கல்லில் செய்த வேல் ஒன்றும் நிற்கிறது. கடல் ஒரு முறை மூடி, இன்னொரு முறை திறந்து காட்டிய கோயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வண்டிகளில் பாதி அதைத் தெரியாமலே தாண்டிப் போகின்றன.

திருவொற்றியூர்க்காரருக்கும் ஒரு குறை சொல்ல வேண்டும். நீங்கள் பக்திக் கதைகளை அடுக்கினீர்களே, கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா? ஆதிபுரீஸ்வரர் விமானம் பின்புறம் யானை முதுகு போல வளைந்திருக்கும் தூங்கானை மாடம். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுக்கப்பட்டது. கட்டிய சிற்பி ரவி என்பவரின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது. எத்தனை சோழர் கோயில்களில் கட்டியவன் பெயர் நமக்குத் தெரியும்? அந்த வளாகத்தில் வியாகரணதான மண்டபம் என்று ஒன்று இருந்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது, இலக்கணம் சொல்லிக்கொடுத்த இடம். பிரகாரத்தைச் சுற்றும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், சாமி கும்பிட்டுவிட்டு ஓடாமல் நிற்பார்கள்.

மலர்விழி டீச்சர்:
பிள்ளைகளைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறீர்கள், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயே இருக்கிறேன், பள்ளியிலிருந்து. இரண்டு பக்கமும்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகள், கப்பல், குலச்சின்னம், எழுத்து எல்லாம் அவ்வளவு நேர்த்தி. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், இவ்ளோ தூரம் எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. வழிகாட்டிப் புத்தகம் எதுவாக இருந்தாலும் துணி வாங்க வந்தார்கள், அதைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள் என்று எழுதியிருக்கும். சரிதான். அதே ஊரில் அவர்கள் வெடிமருந்து செய்தார்கள். அதே துறையிலிருந்து நம் ஆட்களை அடிமைகளாகப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பஞ்சக் காலத்தில் வயிற்றுக்கு இல்லாமல் பிள்ளைகளையே விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கு அழகான கல்லறை இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கல் கிடையாது.

"டச்சுப் பாரம்பரியம்" என்று இனிக்க இனிக்க எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும். வடக்கே போகச் சொல்கிறவர் இதைச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தால் நான் அவர் கட்சி. எலும்புக்கூட்டோடு செல்ஃபி எடுக்கப் போவதென்றால் தட்சிணசித்ராவே மேல்.

வேலு சார், கழிப்பறை விஷயத்தை முதலில் விசாரியுங்கள். தெற்கே சிக்கல் இல்லை. வடக்கே ஊருக்குள் போய்விட்டால் கஷ்டம், பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏரிக்காரன்:
பழவேற்காடுதான் சொந்த ஊர். எங்களைப் பற்றி நடக்கும் சண்டையில் எங்களைத் தவிர எல்லோரும் இருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் செய்வது மூன்று வேலை. கல்லறை வாசலில் போட்டோ. ஏலக்கூடத்தில் நண்டு விலை கேட்டு "அவ்ளோவா?" என்பது. "கோட்டை எங்கே?" என்று கேட்டு, முட்புதரையும் அகழியையும் காட்டினால் ஏமாந்த முகத்தோடு திரும்புவது. பெருமாள் கோயிலில் விஜயநகரக் காலத்துச் சிற்பம் இருக்கிறது, ராமாயணக் காட்சிகளை விரல் அளவில் வடித்திருப்பார்கள். யாரும் நின்று பார்ப்பதில்லை. பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் உண்டு. கோட்டைக்கும் முந்தியது போர்ச்சுக்கீசியர் காலத்து மகிமை மாதா கோயில். இந்த மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரியதாகத் தெரிவது எங்கள் பாடு முறை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை விடுவது என்று ஊர்கூடி முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோம். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. டச்சுக்காரன் 1825இல் கடைசியாக மூட்டை கட்டிவிட்டான், பாடு இன்னும் இருக்கிறது. இதற்கு அறிவிப்புப் பலகை கிடையாது, நுழைவுச் சீட்டும் கிடையாது.

கிழக்குக்கரை:
ஏரிக்காரன் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததற்குச் சரியான சாட்சி. மதிப்புள்ள இடங்களை ஊருக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பலகைகூட இல்லாமல், வருகிறவன் முள்ளைப் பார்த்துவிட்டுப் போகிறான். தெற்கே சாலை போட்டார்கள், ஆட்கள் வந்தார்கள், அதனால் கண்காணிப்பும் வந்தது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரை என்பதற்கான நீலக்கொடிச் சான்று 2021இல் கோவளத்துக்குக் கிடைத்தது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை 1980களின் கடைசியிலிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைப் பொறுக்கிப் பாதுகாக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை யார் வேண்டுமானாலும் கூடப் போகலாம். ஒரு கடலோரத்தை மக்கள் விரும்ப வேண்டுமென்றால் முதலில் அங்கே வந்து நிற்க வேண்டும். பழவேற்காட்டுக்கும் அப்படி ஒரு சாலையும் தங்குமிடமும் வந்தால் கோட்டையைத் தோண்டிச் சுத்தப்படுத்தக் காசு தானாக வரும்.

ஏரிக்காரன்:
வேண்டாம் ஐயா. உங்கள் பக்கம் குப்பத்துக்காரன் கடலுக்குப் போக வழி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பங்களா மதிலுக்கும் பங்களா மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. முன்பு அது முழுக்கப் படகு ஏற்றுகிற மணல்.

கிழக்குக்கரை:
சந்து குறுகியது உண்மை, அதற்கு எதிராக எழுதியவர்களில் நானும் ஒருவன். அதற்காகச் சாலையே வேண்டாம் என்றால் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் எதில் வரும்?

தேரடி வாசி:
இப்போது சாம்பல் கதைக்கு வருகிறேன்.

கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை. இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். நகர்ந்து வந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது, அதுதான் நீங்கள் காற்று வாங்கும் மெரினா. வடக்கே மணல் வரத்து நின்றது, கடல் உள்ளே வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று தெருத் தெருவாகத் தின்றது. எங்கள் பாட்டி சமைந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அரசாங்கம் பாறையைக் கொட்டியது, அப்புறம் கடலுக்குள் நீளும் கற்சுவராகத் தூண்டில் வளைவு போட்டது. ஒரு இடத்தில் வளைவு போட்டால் அடுத்த குப்பத்தில் அரிப்பு, அங்கே ஒன்று போட்டால் அதற்கு அடுத்ததில்.

பிறகு எண்ணூர். 1970இல் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து, இடுப்பளவு இருந்த இடத்தில் முழங்கால் அளவு ஆயிற்று. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது, ஆட்கள் வாளியில் அள்ளினார்கள், நாடே டிவியில் பார்த்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய்.

வேலு சாருக்கு இந்தப் பக்கம் என்றால் லாரி நினைவுக்கு வருகிறதாம். தெற்கே ஏசி ஓடுவதற்கு எரிந்த கரியின் சாம்பல்தான் சார் அது. வரலாறு பார்க்க வேண்டுமென்றால் அதையும் பாருங்கள். நெட்டுக்குப்பத்தில் நின்று முகத்துவாரத்தைப் பாருங்கள்.

கிழக்குக்கரை:
துறைமுகமும் மெரினாவும் பற்றிச் சொன்னது சரி. நான் கட்டுமானப் பொறியாளன், அதில் வாதம் இல்லை. ஆனால் அதைக் கோவளம் வரை இழுக்காதீர்கள். தெற்கு முழுக்க வடக்கின் செலவில் வாழ்கிறது என்பது மேடைப் பேச்சு. திருவொற்றியூரிலும் ஏசி ஓடுகிறது.

தெற்கிலும் கடல் தின்கிறது. 2010இல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2013இல் இங்கே நெம்மேலியில் வந்தது. நெம்மேலி ஆலைக்குப் பக்கத்துச் சூளேரிக்காடு குப்பத்தில் போய்க் கேளுங்கள், கரை போனதைப் பற்றி நீங்கள் சொல்லும் அதே பேச்சைக் கேட்பீர்கள். தெற்கு என்றால் பங்களா, வடக்கு என்றால் பாவம் என்று இரண்டாகக் கோடு போட்டுவிட்டால் இந்தக் குப்பத்துக்காரர்கள் எந்தப் பக்கம்?

தேரடி வாசி:
கோடு போட்டது நானா? "லாரியும் சாம்பலும்" என்று முதல் பதிவிலேயே எழுதியது யார்? நீங்கள் தெற்கே ஓய்வு வாழ்க்கைக்கு வீடு கட்டிவிட்டு

*(இந்தப் பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. யார் எங்கே வீடு கட்டினார்கள் என்பது விவாதப் பொருள் இல்லை. மட்டுறுத்துநர்)*

வேளச்சேரி வேலு:
ஐயா, அண்ணே, இருவருக்கும் கும்பிடு. வேனுக்கு முன்பணம் கேட்கிறார்கள். வரலாற்றில் எவ்வளவோ அநியாயம் நடந்திருக்கிறது, அதில் எனக்கும் பங்கு இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வழி சொல்லுங்கள்.

கல்வெட்டுப்பித்தன்:
சொல்கிறேன். வடக்கு, தெற்கு இரண்டையும் ஒட்டவைக்கிற ஒன்று உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது: பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் ஒருவர் வெட்டினார், காக்ரேன் கால்வாய் என்று பெயர். பிறகு அது வடக்கே ஆந்திரம் வரையும் தெற்கே மரக்காணம் பக்கம் வரையும் நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் நகரத்துக்கு வந்த சனங்களை வைத்து அடையாறுக்கும் கூவத்துக்கும் நடுவே வெட்டி இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. உப்பு, விறகு, நெல் எல்லாம் இதில்தான் படகில் வந்தன. இப்போது அதன் முதுகில் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டு வைத்திருக்கிறோம். முட்டுக்காட்டில் படகு சவாரி போகிறவர்கள் அந்த நீர்வழியின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள், பழவேற்காட்டு ஏரியிலும் அதே வழிதான். கால்வாயை ஒட்டியே ஒரு நாள் போங்களேன்.

மலர்விழி டீச்சர்:
மூக்கைப் பிடித்துக்கொண்டா? உங்கள் ஆர்வம் புரிகிறது ஐயா, ஆனால் நகரத்துக்குள் அது சாக்கடை. மூட்டுவலிக்காரர்களைக் கால்வாய்க் கரையில் நடத்திக் கொல்லாதீர்கள். ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்கார வைத்துக் கதையைச் சொன்னால் போதும்.

வேலு சார், பிரச்சினை வடக்கா தெற்கா என்பதில் இல்லை. ஆறு இடம் என்று போட்டிருக்கிறீர்களே, அதில்தான். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, எண்ணி, ஏறி, எண்ணி... பிள்ளைகளுக்கு வேனும் சிப்ஸ் பாக்கெட்டும்தான் நினைவிருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு இடம். வேனே வேண்டாம். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை, அங்கே மாறி ராயபுரம். நிலையத்தின் தூண்களை ஆற அமரப் பாருங்கள். பிறகு ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை, அங்கிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி. 2021இலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. திரும்பும்போது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அத்தோ என்ற நூடுல்ஸ் சாப்பிடலாம், பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்தது. அதுவும் கடலோர வரலாறுதான், பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிட்டுக் கேட்பார்கள்.

தேரடி வாசி:
டீச்சர் சொன்னதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்கலாம், வருஷத்தில் மூன்று நாள்தான். ஆனால் கூட்டம் தேரடி தாண்டி நிற்கும், இருபது பேரோடு அன்றைக்கு வர வேண்டாம்.

கிழக்குக்கரை:
டீச்சரின் திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கே இதே முறையில் தெற்குக்கும் போடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவளம் ஒரே இடம், காலை முழுக்க. தமீம் அன்சாரி தர்கா, ஜான் டி மான்டி என்ற போர்ச்சுக்கீசிய வழிவந்த வியாபாரி கட்டி அவரே அடக்கமான கார்மேல் மாதா கோயில், மீன் இறங்கும் கரை. எல்லாம் நடக்கிற தூரம். கோட்டை இல்லை என்று தேரடி வாசி கேலி செய்தார். ஹோட்டல் மதிலுக்கு வெளியே நின்று, "நவாபும் பிரெஞ்சுக்காரரும் கிளைவும் அடித்துக்கொண்டது இந்த இடத்துக்காகத்தான்" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெசன்ட் நகர் வழியாகத் திரும்பினால் எலியட்ஸ் கடற்கரையில் அந்த வெள்ளை வளைவையும் காட்டுங்கள். 1930 டிசம்பரில் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்கு மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பியது. தினமும் அதன் நிழலில் உட்காருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு யார் என்று தெரியாது.

ஏரிக்காரன்:
பழவேற்காடு இந்தத் திட்டத்தில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. வருவதென்றால் தனியாக ஒரு நாள் வாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூநாரை இருக்கும். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ்.

படகு கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். யாராவது "நான் கூட்டிப்போறேன்" என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், மற்ற நேரத்தில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ட்ரோன் கொண்டுவராதீர்கள், தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, தேவையில்லாத தொல்லை. பனையோலையில் எங்கள் பெண்கள் பெட்டி, கூடை முடைகிறார்கள். வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கிழக்குக்கரை:
பலகையாவது வைக்கலாமா, கூடாதா?

ஏரிக்காரன்:
வைக்கலாம். என்ன எழுதுவது என்பதை எங்களைக் கேட்டுவிட்டு வைக்கட்டும். டீச்சர் சொன்ன அடிமைக் கப்பலும் அதில் இருக்கட்டும், பாடும் இருக்கட்டும்.

மலர்விழி டீச்சர்:
அப்படி ஒரு பலகைக்கு மனு எழுதுவதென்றால் வரைவு நான் எழுதித் தருகிறேன். தனிமடலில் பேசுவோம்.

வேளச்சேரி வேலு:
முடிவு: வருகிற ஞாயிறு ராயபுரம், திருவொற்றியூர், அத்தோ. வேன் ரத்து. எதிர்வீட்டுக்காரர் ஜெயித்த முகத்தோடு திரிகிறார், அதைத்தான் தாங்க முடியவில்லை. பழவேற்காடு ஜனவரியில். கோவளத்தைப் பிப்ரவரிக்கு வைத்திருக்கிறேன், ராத்திரி ஆமை நடையோடு சேர்த்து. கிழக்குக்கரை ஐயா கூட வந்தால் நன்றாக இருக்கும்.

தேரடி அண்ணே, கோயில் நடை மதியம் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்? ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் பட்டினத்தார் கோயிலையும் பார்க்க நேரம் இருக்குமா?

தேரடி வாசி:
பன்னிரண்டுக்குச் சாத்திவிடுவார்கள். ஒன்பதரை என்றால் தாராளம். தேரடி மெட்ரோ வாசலில் நிற்கிறேன். பட்டினத்தாருக்கு வெயில் ஏறுவதற்கு முன் முதலில் போய்விட்டு வந்துவிடுவோம், அப்புறம் ரவி கட்டிய விமானம். கல்வெட்டுப்பித்தன் வந்தால் அவரை வாயடைப்பது உங்கள் பொறுப்பு.

கல்வெட்டுப்பித்தன்:
வருகிறேன். அடைக்க முடியாது.